மகாதமனி நெடுக வீக்கம்: இரண்டு ஆபரேஷன், அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஸ்கேன்

இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியில் ஓரிடத்தில் மட்டும் வீக்கம் என்றால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாய் வைத்துத் தைப்பார்கள். அதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இதயத்திலிருந்து புறப்படும் இடம், கழுத்துக்குக் கீழே வளையும் வளைவு, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பகுதி, வயிறு என்று நெடுகிலும் வீங்கியிருப்பவர்களின் நிலைமை அப்படியல்ல. அவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது அரிது. இரண்டு கட்டமாக, சிலருக்கு மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் குளச்சலானாலும், முதல் கட்டம் நல்லபடியாக முடிந்து நெஞ்சுத் தையலும் ஆறியதும் ‘எல்லாம் சரியாயிட்டு’ என்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது கட்டம் தள்ளிப்போகிறது, ஸ்கேனும் நின்றுவிடுகிறது. முதல் ஆபரேஷன் செய்தவருக்கு வீங்கிய குழாயில் பாதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. அந்தப் பாதியை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

எத்தனை செ.மீ. ஆனால் ஆபரேஷன்

இதயத்திலிருந்து மேலேறும் பகுதியின் சாதாரண அகலம் சுமார் 3 முதல் 3.5 செ.மீ. வயிற்றில் சுமார் 2 செ.மீ. இயல்பான அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அன்யூரிசம் என்பார்கள். மேலேறும் பகுதிக்கும் நெஞ்சில் இறங்கும் பகுதிக்கும் 5.5 செ.மீ. என்பது ஆபரேஷனுக்கான பொதுவான எல்லை. அனுபவம் மிகுந்த குழுக்கள் மேலேறும் பகுதியை 5 செ.மீ.யிலேயே எடுத்துக்கொள்கின்றன. நெஞ்சும் வயிறும் சேர்ந்து வீங்கியிருந்தால் 6 செ.மீ., நல்ல அனுபவமுள்ள இடத்தில் 5.5. வயிற்றில் மட்டும் என்றால் ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5. ரத்தக்குழாய்ச் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் மார்ஃபான் நோயாளிகளுக்கு மகாதமனியின் வேர்ப்பகுதி (இதயத்தை ஒட்டிய தொடக்கம்) 5 செ.மீ. ஆனாலே செய்துவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது குழாய் கிழிந்திருந்தால் 4.5. அதேபோன்ற இன்னொரு பரம்பரை நோயான லோயஸ்-டீட்ஸில் இன்னும் முன்பே.

இந்த எல்லைகள் எல்லாம் பெரும்பாலும் மேலைநாட்டு உடம்புகளை வைத்து வகுத்தவை. 150 செ.மீ. உயரமுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்கு 4.8 செ.மீ. என்பது 180 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு இருக்கும் 4.8 போன்றது அல்ல. அதற்கு ஒரு கணக்கு உண்டு. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர செ.மீ.யில் எடுத்து, உயரத்தை மீட்டரில் வைத்து வகுக்க வேண்டும். விடை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலேறும் பகுதிக்கு ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்று 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. சராசரியைவிட நன்றாகக் குட்டையாகவோ நெட்டையாகவோ இருப்பவர்களுக்காகச் சொன்னது இது. குழாய் 4.4 செ.மீ. என்றால் ஆரம் 2.2, பரப்பு சுமார் 15.2. அதை 1.5ஆல் வகுத்தால் 10.1. 4.4 வந்ததுமே கத்தி வைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ‘5.5 ஆகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று குட்டையான ஒரு பெண்ணை வருடக்கணக்கில் காத்திருக்க வைப்பதும் சரியில்லை. டாக்டரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

அளவோடு சேர்த்து வேகத்தையும் பார்க்க வேண்டும். நெஞ்சுப் பகுதி ஒரே வருடத்தில் 5 மி.மீ. வளர்ந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு வருடங்களிலும் 3 மி.மீ. வீதம் வளர்ந்தாலோ, மொத்த அளவு எல்லைக்குள் இருந்தாலும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டும். முதுகுவலி, நெஞ்சுவலி, குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு என்று வீக்கத்தினால் தொந்தரவு வந்துவிட்டால் செ.மீ. கணக்கு பார்ப்பதேயில்லை.

இளம்பெண்களுக்கு நெடுக வீக்கம் என்றால் டாக்கயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சியையும் நினைக்க வேண்டும். அவசரம் இல்லாதவரை, ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் மருந்தால் இறக்கிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் சுவரில் தையல் போட்டால் அந்தத் தையலோரத்திலேயே பிறகு புது வீக்கம் கிளம்பும்.

முதல் கட்டம்

பொதுவாக மேலேறும் பகுதியையும் வளைவையும்தான் முதலில் மாற்றுகிறார்கள். கீழ்ப்பகுதி மிகப் பெரிதாகவோ வலியோடோ இருந்தால் வரிசை தலைகீழாகும்.

நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, உடம்பை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, உடம்பின் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு வளைவைத் தைக்கிறார்கள். அந்த நேரத்தில் மூளைக்கு மட்டும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். வலது அக்குள் தமனி வழியாக ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மி.லி. வீதம் செலுத்துகிறார்கள். நெற்றியில் ஒட்டியிருக்கும் உணரி மூளையின் ஆக்சிஜனைக் காட்டிக்கொண்டே இருக்கும். இடது பக்க எண் மட்டும் சரிந்தால் இடது கழுத்துத் தமனிக்கும் தனியாகக் குழாய் போட வேண்டும்.

1983இல் ஜெர்மனியின் ஹனோவரில் ஹான்ஸ் போர்ஸ்ட் வெளியிட்ட ‘யானைத் துதிக்கை’ முறைதான் இந்தக் கட்டத்தின் உயிர்நாடி. வளைவுக்கு வைக்கும் டேக்ரான் குழாயின் முனையை, முழுக்கைச் சட்டையின் கையை உள்ளே திருப்பிவிடுவதுபோல மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, பிறகு இழுத்துவிடுகிறார்கள். சுமார் 10 செ.மீ. நீளக் குழாய் எதிலும் ஒட்டாமல், வீங்கிய இறங்குபகுதிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டத்தில் வளைவைத் திரும்பத் தொடவே வேண்டாம். தொங்கும் முனையைப் பிடித்து அங்கிருந்து கீழே தொடரலாம். முனையில் உலோகக் கிளிப் வைத்திருந்தால் சி.டி.யிலும் எக்ஸ்ரே திரையிலும் அதைக் கண்டுபிடிப்பது எளிது. இதன் புதிய வடிவத்தில் தொங்கும் பகுதியில் ஸ்டென்ட் என்ற உலோக வலைச்சட்டம் வைத்தே தைக்கிறார்கள். அது மார்பு முள்ளெலும்பு எட்டாவது மட்டத்தைத் தாண்டிக் கீழே போகக்கூடாது. தாண்டினால் தண்டுவடத்துக்கு ஆபத்து கூடும்.

இடது குரல்வளை நரம்பு இந்த வளைவைச் சுற்றித்தான் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மி, கஞ்சித்தண்ணி குடிக்கும்போது புரையேறினால் சும்மா விடக்கூடாது. தண்ணீர், கட்டன்சாயா போன்ற மெல்லிய திரவங்கள்தான் அதிகம் புரையேறும். குழைவாக உள்ளதைக் கொடுத்து, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் நிமோனியாவில் போய் நிற்பவர்கள் உண்டு.

இடைவெளி

இரண்டு கட்டத்துக்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று மாதம் விடுகிறார்கள். உடம்பு தேறவும், தண்டுவடத்துக்கு மாற்று வழியில் ரத்தம் ஊறவும் அந்தக் காலம் உதவும். ஆனால் இறங்குபகுதி 6 செ.மீ.க்கு மேல் இருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் ஆபத்துதான். இந்த இடைவெளியில் இறந்தவர்களில் பெரும்பங்கினர் மிச்சக் குழாய் வெடித்துத்தான் இறந்திருக்கிறார்கள். எனவே முதல் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போதே இரண்டாவதற்கான மாதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்தான் வரம்பு. ஒரே காப்பீட்டு வருடத்தில் இரண்டு பெரிய ஆபரேஷன் வரும். ஸ்டென்ட் கிராஃப்டின் (ஸ்டென்ட் பொருத்திய துணிக் குழாய்) விலையே பல லட்சம். இரண்டாவது கட்டத்துக்கு எவ்வளவு அனுமதிப்பார்கள், கருவிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் செய்தால் அட்டை செல்லுமா என்ற மூன்றையும் முதல் கட்டத்துக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ., மதுரை சுமார் 240, சென்னை சுமார் 700. தொடர்ந்து போய்வர வேண்டிய நோய் என்பதால் இந்தத் தூரமும் முடிவில் ஒரு பங்கு. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல்.

இரண்டாவது கட்டம்: திறந்து செய்வதா, தொடை வழியாகவா

துதிக்கை முனையிலிருந்து வயிற்று உறுப்புகளுக்குப் போகும் தமனிகளுக்கு மேலேயே வீக்கம் முடிந்துவிட்டால், தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் ஏற்றி முடித்துவிடலாம். மேல்முனை டேக்ரானுக்குள் உட்காரும். கீழ்முனைக்கு வீங்காத குழாய் குறைந்தது 2 செ.மீ. வேண்டும். குழாயின் அகலத்தைவிட 10 முதல் 20 சதவீதம் பெரிய ஸ்டென்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்ஃபான் போன்ற பிறவிப் பலவீனம் உள்ள சுவரில் ஸ்டென்ட் விரிந்துகொண்டே அழுத்தினால் சுவர் மேலும் விரியும், கிழியவும் கூடும். அவர்களுக்குத் திறந்து செய்வதே நல்லது. ஸ்டென்டின் இரண்டு முனையும் பழைய டேக்ரானில் உட்கார்ந்தால் மட்டும் விதிவிலக்கு.

வீக்கம் குடல், சிறுநீரகத் தமனிகளையும் விழுங்கியிருந்தால் துளையோ கிளையோ உள்ள ஸ்டென்ட் அல்லது பெரிய திறந்த ஆபரேஷன். திறந்து செய்யும்போது வெட்டு இடது விலா நடுவில் தொடங்கி வயிறு வரை போகும். வலது நுரையீரல் மட்டும் மூச்சு விடும். இடதைச் சுருக்கி வைப்பார்கள். இடது மேலறையிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தொடைத் தமனிக்கு அனுப்பும் பம்ப், குழாயை அடைத்துப் பிடித்திருக்கும் கவ்விக்குக் கீழேயுள்ள உறுப்புகளைக் காப்பாற்றும். சிறுநீரகங்களுக்கு 4 டிகிரி குளிர்ந்த திரவத்தை விட்டுவிட்டுச் செலுத்துவார்கள். குடல், ஈரல், சிறுநீரகத் தமனிகள் நான்கின் வாயையும் சுற்றியுள்ள சுவரோடு ஒரே தீவாக வெட்டி ஒட்டுவது வேகமான வழி. ஆனால் அந்தத் தீவு பழைய நோயுள்ள சுவர்தானே. சில வருடத்தில் அதுவே வீங்கும். இளையவர்களுக்கும் மார்ஃபான் நோயாளிகளுக்கும் நான்கு கிளையுள்ள குழாய் வைத்துத் தனித்தனியாகத் தைப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து, நேரம் கூடினாலும்.

கால் செயலிழப்பு

குடும்பத்தார் மனதில் அதிகம் தைக்கும் பயம் இது. தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் விலா இடைத் தமனிகள் பல, மாற்றும் பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதிலும் மார்பு முள்ளெலும்பு எட்டு முதல் பன்னிரண்டாவது மட்டம் முக்கியம். கைத்தமனியிலிருந்தும் இடுப்புத் தமனியிலிருந்தும் உதவி ரத்தம் வரும். அதனால்தான் இடது கைத்தமனியின் வாயை மூடிக்கொண்டு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், முன்கூட்டியே கழுத்துத் தமனியிலிருந்து கைத்தமனிக்குப் பாலம் போடச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆபரேஷன் செய்த ஸ்டான்லி கிராஃபோர்டின் 1,509 நோயாளிகளைப் பற்றி 1993இல் வெளியான அறிக்கையில் 16 சதவீதம் பேருக்குக் கால் பலவீனமோ செயலிழப்போ வந்தது. அதே ஹூஸ்டன் நகரில் ஜோசப் கோசெல்லி குழு 2016இல் வெளியிட்ட 3,309 ஆபரேஷன்களில் நிரந்தரச் செயலிழப்பு 2.9 சதவீதம், நிரந்தரப் பலவீனம் 2.4 சதவீதம், ஆபரேஷனை ஒட்டிய இறப்பு 7.5 சதவீதம். உலகிலேயே அதிகம் செய்த கைகளின் கணக்கு இது. உங்களுக்குச் செய்யப்போகும் குழு வருடத்துக்கு எத்தனை செய்கிறது, எத்தனை பேருக்குக் கால் போனது என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்படமாட்டார்.

ஆபரேஷனுக்கு முன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு மெல்லிய குழாய் செருகித் தண்டுவட நீரை வடிய விடுவார்கள். நீரின் அழுத்தம் குறைந்தால் தண்டுவடத்துக்குள் ரத்தம் எளிதாக நுழையும். அழுத்தத்தை 10 மி.மீ. பாதரசத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, மணிக்கு 10 முதல் 15 மி.லி.க்கு மேல் வடியாமல் பார்த்துக்கொள்வார்கள். வேகமாக வடிந்தால் மூளை தாழ்ந்து, மேலுறையில் ரத்தம் கசியும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போதோ கட்டிலை உயர்த்தும்போதோ வடிகுழாயை முதலில் மூடி, மட்டத்தைத் திரும்பச் சரிசெய்த பிறகே திறக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலான தவறு நடக்கும் இடம் இதுதான். கட்டிலை உயர்த்த வேண்டுமென்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அன்பு மிகுதியில் தாங்களே தூக்கிவிடக்கூடாது. தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள்.

விழித்தபோது இரண்டு காலும் நன்றாக அசைந்தும், சில நாட்களிலோ வாரங்களிலோ கால் இழுப்பது உண்டு. ரத்த அழுத்தம் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம்: வயிற்றுப்போக்கு, டயாலிசிஸ், ரத்தக் கசிவு, அல்லது கூடுதலாகக் கொடுத்த பிரஷர் மாத்திரை. முதல் சில வாரங்களுக்குச் சராசரி அழுத்தத்தை (மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்ட கணக்கு) 80 முதல் 90 அல்லது அதற்குச் சற்று மேலேயே வைக்கும்படி ஆபரேஷன் செய்த குழு சொல்லியிருக்கும். ஊருக்கு வந்ததும் மேல் எண் 145ஐப் பார்த்துவிட்டு உள்ளூரில் இன்னொரு மாத்திரை எழுதிவிட்டால் காரியம் கெட்டுவிடும். டிஸ்சார்ஜ் தாளில் ‘இந்தத் தேதி வரை அழுத்தம் இதற்குக் கீழே இறங்கக்கூடாது’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கால் பலவீனம் தெரிந்தால் மட்டமாகப் படுக்கவைத்து, அடுத்த வேளை பிரஷர் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் ஆபரேஷன் செய்த குழுவோடு பேசி, உடனே கிளம்புங்கள். அழுத்தத்தை ஏற்றி, திரும்ப நீரை வடித்தால் பலருக்குக் கால் திரும்புகிறது. ஆனால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

ஆயுசுக்கும் ஸ்கேன்

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஒரு மாதத்தில் ஒரு சி.டி., பன்னிரண்டாம் மாதம் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. கீழ்வயிற்றில் மட்டும் ஸ்டென்ட் என்றால், கசிவு இல்லாமல், ஸ்டென்டைச் சுற்றியுள்ள பழைய வீக்கப் பையும் சுருங்கி வந்தால் வருடாந்தரம் டாப்ளர் ஸ்கேன் போதும், ஐந்து வருடத்துக்கு ஒரு சி.டி. எடுக்கலாம். திறந்து செய்தவருக்கு முதல் வருடத்துக்குள் ஒன்று, மிச்சக் குழாய் நன்றாக இருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒன்று. நெடுக வீக்கம் உள்ளவருக்கு மிச்சம் நன்றாக இருப்பது குறைவு, எனவே வருடாந்தரக் கணக்குதான் பெரும்பாலும் பொருந்தும். கிழிசல் மிச்சமிருந்தால் முதல் வருடத்தில் இன்னும் அடிக்கடி. ஆபரேஷன் இல்லாமல் கண்காணிப்பில் உள்ள வயிற்று வீக்கத்துக்கு 3 முதல் 3.9 செ.மீ. வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஆண்களுக்கு 4 முதல் 4.9, பெண்களுக்கு 4 முதல் 4.4 வரை வருடம் ஒருமுறை. அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

ஸ்கேன் எடுக்கும் விதத்தில் கோட்டை விட்டால் எண்ணிக்கையால் பயனில்லை. ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது கையில் செலுத்தும் மருந்து வளைவுக்கு முன்னால் குறுக்கே போகும் சிரையில் அடர்ந்து நின்று, வளைவின் படத்தைக் கோடு கோடாக்கிவிடும். பச்சை நிற 18 கேஜ் கேனுலா இருந்தால் மருந்து வேண்டிய வேகத்தில் ஏறும். துண்டுகள் 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். இதயத்தை ஒட்டிய பகுதிக்கு ஈ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பில் சுவர் இரட்டையாகத் தெரிந்து, இல்லாத கிழிசலை இருப்பதாகக் காட்டும். ஸ்டென்ட் உள்ளவருக்கு மருந்து ஏற்றாமல் ஒன்று, தமனிக் கட்டத்தில் ஒன்று, தாமதமாக ஒன்று என்று மூன்று ஓட்டம் தேவை. மெதுவாகக் கசிவது தாமதப் படத்தில்தான் தெரியும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை பார்த்துவிட்டே போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளவயதுக்காரர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க எம்.ஆர்.ஐ. நல்லது, வைத்த ஸ்டென்ட் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொண்டு.

‘போன வருஷம் 4.8, இப்ப 5.1’ என்று வரும் ரிப்போர்ட்டை நம்பிக் கலங்குவதற்கு முன், இரண்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்தவையா என்று பாருங்கள். குழாய் வளைந்து போகிற இடத்தில் சாய்வாக வெட்டிய படத்தில் அளந்தால் உருண்டை நீள்வட்டமாகி அளவு கூடித் தெரியும். குழாயின் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக அளப்பதே சரி. ஒருவர் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும் இன்னொருவர் உள்பக்கத்திலிருந்தும் அளந்தாலும் சில மி.மீ. மாறும். எனவே பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரே ஆள் அளக்க வேண்டும். அதற்கு ஃபிலிம் போதாது, டைகாம் கோப்புகள் (கணினியில் திறக்கும் மூலப் படங்கள்) உள்ள குறுந்தட்டோ பென்டிரைவோ வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு ஸ்கேன் நாகர்கோவிலில், அடுத்தது திருவனந்தபுரத்தில் என்று நடப்பதால் யாரிடமும் முழுத் தொகுப்பு இருக்காது. நோயாளியிடம்தான் இருக்க வேண்டும். பழைய தட்டுகளைக் கணினியில் இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஆபரேஷன் அன்று குழாய்ப் பெட்டியிலிருந்து உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டும் சிறு ஸ்டிக்கரின் நகலும் வேண்டும்: தயாரித்த நிறுவனம், அகலம் 28 மி.மீ.யா 30ஆ, நீளம், தொகுதி எண். பத்து வருடம் கழித்து அதற்குள் ஸ்டென்ட் வைக்க வேண்டிவந்தால் அந்த ஒரு துண்டுத் தாள் பெரிய உதவி.

ரிப்போர்ட்டில் ‘எண்டோலீக்’ (ஸ்டென்டைத் தாண்டிப் பைக்குள் ரத்தம் கசிவது) என்ற வார்த்தை வந்தால் எந்த வகை என்று பாருங்கள். முனை ஒட்டாமல் கசிவது முதல் வகை, ஸ்டென்ட் இணைப்பு விலகியோ துணி கிழிந்தோ கசிவது மூன்றாம் வகை. இரண்டும் உடனே அடைக்க வேண்டியவை. பக்கக் கிளையிலிருந்து ரத்தம் பின்னோக்கிப் பைக்குள் வருவது இரண்டாம் வகை. பை வளராதவரை கண்காணித்தால் போதும், 5 மி.மீ.க்கு மேல் வளர்ந்தால் அடைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். கசிவே தெரியாமல் பை மட்டும் வளர்ந்தாலும் விடக்கூடாது. தையலோர வீக்கம், முன்பு சொன்ன தீவு வீங்குவது, ஸ்டென்டின் கீழ்முனை சுவரைக் கிழிப்பது ஆகியவையும் வருடங்கள் கழித்து, வலியே இல்லாமல் வருபவை. ‘எனக்கு ஒண்ணும் செய்யலியே’ என்று இருப்பவருக்குத்தான் ஸ்கேன்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை இறக்கம் என்றால் குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். குழாய் வைத்தவர் ரத்தம் கக்கினாலோ கறுப்பாக மலம் போனாலோ அல்சர் என்று மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. குழாய் உணவுக்குழாயிலோ குடலிலோ அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். முதல் கசிவு சிறியதாக நின்றுவிடும், அடுத்தது நிற்காது.

அன்றாடம்

ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே, தலைசுற்றாமல் தாங்கினால் மேல் எண் 120 வரை; முன்பு சொன்ன ஆரம்ப வாரங்களுக்கு இது பொருந்தாது. பீட்டா பிளாக்கர், லோசார்டான் வகைகள் முதல் வரிசை. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தக்கூடாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது கருவாடும் ஊறுகாயும் உள்ள வீட்டில் கஷ்டம்தான், இருந்தாலும் குறைத்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட் அறவே கூடாது. வீக்கத்தை வளர்ப்பதில் புகையிலைக்குப் பெரிய பங்கு உண்டு.

வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் கடையில் கேட்டால் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். சிறுநீர் எரிச்சலுக்குச் சிப்ரோஃபிளாக்சசின், சளிக்கு லெவோஃபிளாக்சசின். மூன்றும் ஃபுளோரோகுயினலோன் வகை. மகாதமனி வீக்கம் உள்ளவர்கள், வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.

வேர்ப்பகுதியோடு செயற்கை உலோக வால்வும் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுசுக்கும் உண்டு. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் பெரும்பாலும் 2 முதல் 3 வரை. உங்கள் தாளில் எழுதியிருக்கும் எண்ணே இறுதி. கீரை அந்த எண்ணை மாற்றும் என்பதற்காக முருங்கைக்கீரையை விடச் சொல்லவில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள். பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்செலும்பு கூட இரண்டு மாதம் ஆகும், அதுவரை பைக்கும் வேண்டாம், குடம் தூக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகும் மூச்சை அடக்கித் தம் பிடித்துச் செய்யும் வேலை கூடாது. கரைமடி இழுப்பது, தென்னை ஏறுவது, சிமென்ட் மூட்டை சுமப்பது எல்லாம் விட்டுவிட வேண்டியவை. ரப்பர் வெட்டப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. டாக்டர் சரி என்றால் வெட்டலாம். பால் நிறைந்த வாளியை மேட்டில் சுமந்து ஏறுவதை வேறு ஆளிடம் விடுங்கள். நடை நல்லது. மலச்சிக்கலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் வேண்டாம். முக்கினால் அழுத்தம் எகிறும்.

நம் ஊரில் முதுகு பிடித்தால் வர்ம ஆசானிடம் போவது தலைமுறை வழக்கம். மகாதமனி வீக்கம் உள்ளவரும், ஆபரேஷன் செய்தவரும் வயிற்றையும் முதுகையும் அழுத்தித் தடவும் உழிச்சலுக்குப் போகக்கூடாது. போவதென்றால் ஆசானிடம் நோயைச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த ஆசான் தொடமாட்டார். புதிதாக வந்த முதுகுவலிக்கு முதலில் ஸ்கேன்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கிழிப்பதுபோல் திடீரென வலி வந்தால் வாயு என்று வெந்நீரும் ஓம வாட்டரும் குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையே ‘மகாதமனி வீக்கம் இருக்கு, குழாய் வெச்சிருக்கு’ என்பதாக இருக்கட்டும். நெஞ்சுவலி என்றதும் மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், கிழிந்த குழாய்க்கு அது உயிரை எடுக்கும். அந்த ஊசிக்கும் மொத்தமாகக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளுக்கும் முன் இரண்டு கையிலும் அழுத்தம் பார்த்து, சி.டி. எடுக்க வேண்டும். கிழிசல் என்று உறுதியானால் நாடித்துடிப்பை 60க்குக் கீழும் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழும் ஊசி மருந்தால் இறக்கிவிட்டு, பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும். நோய், ஆபரேஷன் தேதி, வைத்த குழாய், எடுக்கும் மருந்து, தவிர்க்க வேண்டிய மருந்து இவ்வளவும் உள்ள ஒரு அட்டையை லேமினேட் செய்து பணப்பையில் வையுங்கள்.

வீட்டார்

அறுபதுக்குக் கீழே நெஞ்சுப்பகுதி வீங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும். எக்கோவில் வேர்ப்பகுதியும் மேலேறும் பகுதியின் தொடக்கமும்தான் நன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் முழு நீளத்துக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மார்ஃபான் போன்றவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யாவிட்டாலும் அதே 50தான். மரபணுச் சோதனையில் நோயாளிக்கு எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அந்த மாற்றம் இல்லாதவருக்கு ஸ்கேன் தொடர வேண்டியதில்லை. கல்யாணம் ஆகப்போகும் பெண்ணுக்கு இந்த நோய் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே அளவு பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும்தான் குழாய் அதிகம் கிழிகிறது. மார்ஃபானில் வேர்ப்பகுதி 4.5 செ.மீ.க்கு மேல் என்றால் முதலில் ஆபரேஷன், பிறகு குழந்தை. லோசார்டான் வகை மருந்து எடுக்கிற பெண், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.